அம்மாவின் சிங்கர், அக்கா மகளின் ஓவர்லாக்

வீட்டில் உடுப்பு தைக்க மிஷின் வாங்க வேண்டும் என்று அக்கா மகள் கேட்டபோது அவளைக் கடைக்குக் கூட்டிப் போகவில்லை. துணி அலமாரியைத் திறக்கச் சொன்னேன். "மிஷின் பாக்கக் கூப்பிட்டா அலமாரியைக் கொட்டுறீங்களே மாமா!" என்று சலித்துக்கொண்டாள். ஆனாலும் இருந்ததை எல்லாம் கட்டிலில் போட்டு, ஒவ்வொன்றாக உள்பக்கம் திருப்பிப் பார்த்தோம். சேலை பிளவுஸ், பஞ்சாபி சூட், அக்கா ஆபீசுக்குப் போடும் மலாய் உடையான பாஜு கூரோங், சின்னவளின் பள்ளிச் சீருடை, டி-ஷர்ட், டிராக் சூட். அந்த வீட்டுக்கு என்ன மிஷின் தேவை என்பது அந்தக் குவியலிலேயே இருந்தது.

பிளவுஸின் உள்பக்கம் நேர்த்தையல், லைனிங், கையால் போட்ட ஹெம்மிங், ஹூக். பாஜு கூரோங்கில் நேர்த்தையல், ஓரத்தில் இழை பிரியாமல் பின்னிவிடும் ஓவர்லாக். பஞ்சாபி சூட்டும் சீருடைப் பினஃபோரும் அப்படித்தான். பட்டன் ஓட்டை பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் மட்டும். டி-ஷர்ட்டின் கீழ் ஓரத்தில் மேலே இரண்டு வரித் தையல், அடியில் பின்னல். அது கவர்ஸ்டிச் என்ற தனி மிஷின் போடுவது. ஓவர்லாக் வாங்கினாலும் அது வராது. பூப்பூவாய், இலையிலையாய் விழும் அலங்காரத் தையலை அந்தக் குவியல் முழுவதிலும் தேடினோம், ஓர் உடுப்பில்கூட இல்லை. ஆனால் கடையில் மிஷினுக்கு விலை ஏறுவதே அதனால்தான். "இதுல அறுபது தையல் இருக்கு, அதுல நூறு இருக்கு" என்பார்கள். நம் வீட்டுக்கு வேண்டியது ஒரே தையல், அது ஒழுங்காக விழ வேண்டும். அடுத்தது ஓரம் பிரியாமல் அடிப்பது. இந்த இரண்டுக்கும்தான் காசு போட வேண்டும் என்பது என் கட்சி.

நான் தையல்காரன் இல்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் ஃபிட்டர். ஊசியில் நூல் கோக்க எனக்கு இப்போது கண்ணாடி வேண்டும். ஆனால் எந்த மிஷினைப் பார்த்தாலும் தேய்கிற இடம் எது, எண்ணெய் போகிற வழி எது, உடைந்தால் யாரிடம் கொண்டுபோவது என்றுதான் என் கண் போகும். தைக்கத் தெரிந்தவள் அவள். கியாட்மாரா தொழிற்பயிற்சி நிலையத்தில் தையல் படித்து முடித்தவள். அங்கே தைத்தது தொழிற்சாலைகளில் ஓடும் ஜூக்கி மிஷினில். அதனால் வீட்டுக்கும் ஜூக்கிதான் வேண்டும் என்று நின்றாள்.

அவள் ஆசையில் தப்பில்லை. ஜூக்கி டிடிஎல்-8700 மாதிரி நேர்த்தையல் மிஷின் போடும் தையலை இப்போது வரும் ஜிக்ஜாக் வீட்டு மிஷின்கள் எளிதில் போடாது. முழங்காலால் தட்டினால் துணியை அழுத்தும் ஃபுட் தூக்கும், இரண்டு கையும் துணியை விடவே வேண்டாம். எண்ணெய்த் தொட்டியிலிருந்து தானே எண்ணெய் ஏறிக்கொள்ளும். ஆனால் அது நிமிடத்துக்கு 5,500 தையல் வரை ஓடக்கூடியது. காலை முதல் இரவு வரை காலர் மட்டும் தைக்கிற ஆளுக்காகச் செய்தது. ஜிக்ஜாக் கிடையாது, பட்டன் ஓட்டை கிடையாது. மேசை நாலு அடி நீளம், ஒருவரால் தூக்க முடியாத கனம். பழையது வாங்கினால் பெரும்பாலும் கிளட்ச் மோட்டாரோடு வரும். சுவிட்சைப் போட்டதிலிருந்து, தைத்தாலும் தைக்காவிட்டாலும் அது உறுமிக்கொண்டே இருக்கும், கரண்டையும் தின்னும். செர்வோ மோட்டார் மாற்றினால் மிதிக்கும்போது மட்டும் ஓடும், வேகத்தையும் குறைத்து வைத்துக்கொள்ளலாம். அக்கா வீடு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், ஒற்றை மாடி வரிசை வீடு. ஒரு பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பாட்டி படுத்திருக்கிறார். "ஆர்டர் எடுத்துத் தைக்கப் போறியா, வீட்டுக்குத் தைக்கப் போறியா?" என்று கேட்டேன். "முதல்ல வீட்டுக்கு" என்றாள். அப்படியானால் ஜூக்கி இப்போது வேண்டாம், ஆர்டர் வந்தால் பேசலாம் என்று முடித்தோம்.

அடுத்து அவள் போனில் காட்டியது திரை வைத்த கம்ப்யூட்டர் மிஷின். தையலை நிறுத்தினால் ஊசி துணிக்குள்ளேயே நிற்கும், நூலைத் தானே வெட்டும், பட்டன் ஓட்டையை அளவெடுத்துத் தானே போடும், வேகத்தை ஆமை அளவுக்குக் குறைக்கலாம். முட்டிவலி உள்ளவர்களுக்கு மிதியே இல்லாமல் பொத்தானை அழுத்தித் தைக்கலாம் என்பது பெரிய வசதி, அதை மறுக்க மாட்டேன். ஆனால் பேராக்கில் மதியத்துக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்தால் இடி எப்படி விழும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் வரிசையில் மோடமும் டிவியும் ஆஸ்ட்ரோ பெட்டியும் போகாத வீடு குறைவு. மிஷினின் போர்டு போனால் அதைத் திறந்து பார்க்க சுங்கை சிப்புட்டில் ஆள் இல்லை. ஈப்போவுக்கோ கம்பெனிக்கோ அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மழைக்கு முன் பிளக்கைப் பிடுங்க ஓடுகிற வீட்டுக்குப் பல் சக்கரமும் நெம்புகோலும் உள்ள மிஷின்தான் சரி.

ஆக, கையால் திருப்பித் தையல் மாற்றும் சாதாரண ஜிக்ஜாக் மிஷின். சிங்கர், பிரதர், ஜானோமே எதிலும் கிடைக்கும். யாராவது ஒரே ஒரு மிஷின்தான் வாங்க முடியும் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கடையில் பார்க்க வேண்டியது சிலது உண்டு. தூக்கிப் பாருங்கள், உள்ளே உலோகச் சட்டம் இருந்தால் கை சொல்லிவிடும். இறகாய் இருப்பது ஜீன்ஸ் மடிப்பில் மேசையில் நடக்கும். அடுத்து ஊசித் தகட்டின் துளையைப் பாருங்கள். ஜிக்ஜாக் அகலம் 7 மில்லிமீட்டர் என்று பெருமையாக எழுதியிருப்பார்கள். துளையும் அவ்வளவு அகலம் என்று அர்த்தம். ஷிஃபான் துணியில் தையலைத் தொடங்கும் இடத்தில் ஊசி துணியை அந்தத் துளைக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். 5 மில்லிமீட்டர் போதும். 7 தான் கிடைத்தது என்றால் நேர்த்தையலுக்கான சின்னத் துளைத் தகடு தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள், அல்லது ஊசியை இடது ஓரத்துக்குத் தள்ளி வைத்துத் தைக்கலாம்.

அடி நூல் சுற்றும் பாபினைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். 11.5 மில்லிமீட்டர் உயரமுள்ளது கேட்கிற மிஷினில் குள்ளமானதைப் போட்டால் உள்ளே ஆடும், நூல் அடியில் கூடு கட்டும். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பை நிறைய மலிவாக விற்பதை மிஷினோடு வந்த பாபினோடு சேர்த்து வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஜப்பான் பழைய சாமான் கடைகளிலும் மிஷின் வருகிறது. நல்ல நல்ல மிஷின், விலையும் ஆசை காட்டும். பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் தொடவே கூடாது. அங்கே மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் மோட்டார் புகைந்துவிடும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதுவும் மிஷின் இழுக்கும் வாட்டுக்கு மேல் தாங்குவதாக. அந்தக் காசையும் விலையில் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஆசை பாதி குறைந்துவிடும். ஸ்டேப்ளர் மாதிரிக் கையில் பிடித்துத் தைக்கும் குட்டி மிஷினைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அது ஒரே நூலில் சங்கிலித் தையல் போடும், நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும்.

இத்தனையும் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா சமையலறையிலிருந்து, "பின்னாடி சாமான் ரூம்ல நம்ம மிஷின் சும்மாத்தானே கிடக்கு" என்றார். கால் மிஷின். எல்பில் ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்தபோது அப்பா தவணையில் எடுத்துக் கொடுத்தது. பால்மரம் வெட்டிவிட்டு வந்து மதியம் முழுவதும் அதில்தான் அம்மா உட்கார்ந்திருப்பார். தாமானுக்கு வந்தபோது லாரியில் முதலில் ஏறியதும் அதுதான். அதற்குப் பிறகு அதன்மேல் அரிசி மூட்டையும் பழைய மின்விசிறியும்தான் உட்கார்ந்திருந்தன.

துணியை விலக்கிப் பார்த்தேன். கறுப்புத் தலை, தங்க நிற எழுத்து பாதி தேய்ந்திருந்தது. அடித்தட்டில் தொடர் எண் ஆங்கில 'ஈ' எழுத்தில் தொடங்கியது. ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரில் சிங்கர் வைத்திருந்த தொழிற்சாலையின் எண் அது. அந்தத் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. அதற்காகக் கட்டிய ரயில் நிலையத்துக்கு மட்டும் இன்னமும் சிங்கர் என்றே பெயர். மாடல் 15கே. சைனாவின் பட்டர்ஃபிளை கால் மிஷினும் இதே 15 வகையைப் பார்த்துச் செய்ததுதான். அதனால் பாபின், பாபின் கேஸ், ஊசி, வார் எல்லாம் இன்றும் எந்தத் தையல் சாமான் கடையிலும் சில வெள்ளிக்குக் கிடைக்கின்றன. இது சின்ன விஷயம் இல்லை. போன வருஷம் வாங்கிய மிஷினுக்கு உதிரி கிடைக்காமல் அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

கைச்சக்கரத்தைத் திருப்பினேன், அசையவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் தண்டுகள் எல்லாம் தேன் நிறத்தில் பளபளத்தன. நகத்தால் சுரண்டினேன்; வார்னிஷ் போல உதிர்ந்தது.

"என்ன எண்ணெய்ம்மா ஊத்தினீங்க?"

"தேங்காயெண்ணெய்தான். அப்போல்லாம் மிஷின் எண்ணெய் வாங்க யாருகிட்டடா காசு இருந்துச்சு?"

தோட்டத்து மிஷின்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் இறுகிப் போயிருக்கும். தேங்காயெண்ணெய் ஊற்றிய அன்று நன்றாக வழுக்கும். பிறகு காற்றுப் பட்டு, தூசி சேர்ந்து, பிசினாகிக் காய்ந்துவிடும். இரும்பு கெடுவதில்லை, ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். அதனால் சுற்றாத மிஷினைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் மண்ணெண்ணெய் வாங்கிப் பாருங்கள்.

செய்த வேலை இது. முதலில் முகத்தகட்டைக் கழற்றினேன். ஊசிக்கம்பியும் ஃபுட் கம்பியும் தெரிந்தன. தலையில் எண்ணெய்த் துளை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம், இரும்பும் இரும்பும் உரசும் இடம் எதுவோ அங்கெல்லாம், மருந்து கொடுக்கிற சிரிஞ்சால் மண்ணெண்ணெய் விட்டேன். இரவு முழுக்க ஊற விட்டேன். மறுநாள் அக்கா மகளின் ஹேர் டிரையரால் தண்டுகள் இருக்கும் இடத்தைச் சூடாக்கிக்கொண்டே சக்கரத்தை முன்னும் பின்னும் லேசாக ஆட்டினேன். ஸ்பேனர் போட்டுத் திருகக் கூடாது. உள்ளே பிசின் பிடித்திருக்கும்போது பலத்தைக் காட்டினால் எங்காவது ஒரு பின் வளையும். சூடு, மண்ணெண்ணெய், ஆட்டல். திரும்பத் திரும்ப அதேதான். முதலில் விரல் அகலம் அசைந்தது, பிறகு கால் சுற்று, சாயங்காலத்துக்குள் முழுச் சுற்று. ஊசிக்கம்பி கீழே இறங்கியதும் அம்மா கைதட்டினார்.

வெளியே துடைக்கும்போது ஒரு எச்சரிக்கை. பழைய சிங்கரின் கறுப்புப் பூச்சுக்கும் தங்க எழுத்துக்கும் மேலே ஷெல்லாக் பூசியிருப்பார்கள். ஸ்பிரிட் பட்டால் அது கரைந்து எழுத்தோடு போய்விடும். ஈரத்துணியும் கொஞ்சம் மிஷின் எண்ணெயும் போதும்.

பாபின் பக்கம்தான் உண்மையான குப்பை இருந்தது. பாபின் கேஸை எடுத்து, மேல் நூலைக் கொக்கி போட்டு இழுக்கும் ஷட்டிலைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கழற்றினால், அது ஆடுகிற பாதையில் பல வருஷ நூல் துணுக்குகள் எண்ணெயோடு சேர்ந்து களிமண்ணாய் அடைந்திருந்தன. பல் துலக்கும் பிரஷ், குச்சி, மண்ணெண்ணெய். ஷட்டிலின் கூர் முனையில் பருத்தி நூலை ஓட்டிப் பார்த்தேன், ஒரு இடத்தில் பிடித்தது. எப்போதோ ஊசி முட்டி உண்டான சின்னப் பிசிறு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நூல் அறுந்துகொண்டே இருப்பதற்கு அது ஒன்றே போதும். ஆலையில் பயன்படுத்தும் நைசான எண்ணெய்க் கல்லால் முனையின் வடிவம் மாறாமல் நாலு இழுப்பு. பிறகு நூல் வழுக்கிக்கொண்டு போனது. துணியை நகர்த்தும் பல்லுக்கு நடுவே அழுத்தி அடைந்திருந்த பஞ்சை ஊசியால் தோண்டி எடுத்தேன். மேல் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு இடையில் சுத்தமான துணி நாடாவை விட்டு இழுத்ததில் துரு கறுப்பாய் வந்தது.

எல்லாம் காய்ந்த பிறகுதான் மிஷின் எண்ணெய். மண்ணெண்ணெய் அழுக்கை இளக்குமே தவிர உராய்வைத் தாங்காது, அதோடு விட்டுவிட்டால் துரு பிடிக்கும். தண்ணீர் நிறத்தில் இருக்கிற எண்ணெய், ஒவ்வொரு துளைக்கும் ஒரு சொட்டு. கால் மிதியின் முனைகளுக்குக் கொஞ்சம் கிரீஸ். தோல் வார் நைந்திருந்தது. புதியது 72 அங்குல நீளத்தில் கம்பிக் கிளிப்போடு வரும். சக்கரத்தில் சுற்றி அளந்து, கொஞ்சம் குறைத்து வெட்டிக் கோக்க வேண்டும். இறுக்கமாகக் கோத்தால் மிதிக்கக் கனக்கும், தளர்ந்தால் வழுக்கும். தோல் போகப்போக நீளும் என்பதால் முதலில் சற்று இறுக்கமாகவே விட்டேன். பாபின் சுற்றும் சக்கரத்தின் ரப்பர் கல்லாகிவிட்டிருந்தது, அதையும் மாற்றினேன்.

ஊசி மாட்டும்போது பழைய மிஷின்களில் குழப்பம் வரும். சிலதில் நூல் முன்னாலிருந்து கோக்க வேண்டும், சிலதில் பக்கவாட்டில். ஊசியை விரலால் தடவிப் பாருங்கள்: ஒரு பக்கம் நீளமான பள்ளம் ஓடும், அதற்கு எதிர்ப்பக்கம் தலை தட்டையாக இருக்கும். நூல் நுழைகிற பக்கத்தில் பள்ளம் வர வேண்டும். இது எந்த மிஷினுக்கும் பொருந்தும். தொழிற்சாலை மிஷின் ஊசி வேறு வகை, தலை உருண்டை. வீட்டு மிஷினுக்கு 130/705 எச் அல்லது எச்ஏ×1 என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பிறகு சோதனை. முதலில் நூலே போடாமல், பள்ளி நோட்டுப் புத்தகத்தின் கோடு போட்ட தாளை வைத்துத் தைத்துப் பார்த்தேன். ஓட்டைகள் கோட்டிலேயே, சம இடைவெளியில் விழுந்தன. பல் நேராக இழுக்கிறது. லீவரை மேலே தூக்கிப் பின்னோக்கி ஓட்டினேன், ஏறக்குறைய அதே ஓட்டைகளில் திரும்பி வந்தது. அடுத்து, மேலே வெள்ளை நூல், பாபினில் சிவப்பு நூல், இரண்டு மடிப்பாக டூ பை டூ என்ற பிளவுஸ் துணி. இரண்டு நிறம் போட்டால் டென்ஷன் தானே பேசும்: மேலே சிவப்புப் புள்ளி தெரிந்தால் மேல் நூல் இறுக்கம், அடியில் வெள்ளை தெரிந்தால் மேல் நூல் தளர்வு. முதலில் மேலே உள்ள திருகாணியை மட்டும்தான் தொட வேண்டும். பாபின் கேஸ் திருகாணியைத் தொடுவதற்கு முன் நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்க விடுங்கள். தானே சறுக்கினால் தளர்வு, லேசாக உதறும்போது கொஞ்சம் இறங்கி நின்றால் சரி. எங்களுடையது சரியாகவே இருந்தது. அம்மா எப்போது வைத்த அளவோ!

அக்கா மகள் உட்கார்ந்து மிதித்தாள். சக்கரம் தன்பக்கமாகச் சுற்ற வேண்டும், காலை மாற்றி மிதித்தால் எதிர்ப்பக்கம் சுற்றி நூல் சிக்கும். ஜூக்கியில் பழகிய கால் முதலில் தடுமாறியது. அம்மா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "குதிகாலும் விரலும் மாத்தி மாத்தி. மெதுவாம்மா, மெதுவா" என்று சொல்லச் சொல்ல வந்துவிட்டது. தைத்த வரியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "மாமா, ஜூக்கி தையல் மாதிரியே இருக்கு." இருக்கத்தான் செய்யும். இதுவும் நேர்த்தையல் மட்டுமே போடுகிற மிஷின், தகட்டில் சின்ன வட்டத் துளை, ஷிஃபான் உள்ளே போகாது. நூறு தையல் போடுவதற்காக எதையும் விட்டுக்கொடுக்காத வடிவமைப்பு.

நேர்த்தையல் முடிந்தது. மிச்சம் இருந்த காசு ஓரம் அடிப்பதற்கு.

ஓவர்லாக்கைப் புதிதாக வாங்க முதலில் நினைத்தோம். பிறகு ஈப்போ லிட்டில் இந்தியா பக்கம் துணி வாங்கப் போனபோது ஒருவர் வீட்டில் பழையது விற்பதாகத் தெரிந்து போய்ப் பார்த்தோம். நாலு நூல், வீட்டு வகை. கையோடு மூன்று துண்டுத் துணி கொண்டு போயிருந்தோம்: டூ பை டூ, பாலியஸ்டர் கிரேப், பழைய டி-ஷர்ட். எந்தப் பழைய மிஷினையும் விற்பவர் வைத்திருக்கும் துணியில் சோதிக்கக் கூடாது. அது அந்த மிஷினுக்குப் பிடித்த துணியாகத்தான் இருக்கும்.

முதலில் நூலை எல்லாம் உருவச் சொல்லி அவளையே கோக்க விட்டேன். கோத்துக் காட்டிய மிஷினை வாங்கி வந்து, வீட்டில் நூல் அறுந்ததும் அப்படியே மூடி வைத்திருப்பவர்கள் பலர். லூப்பர் என்பது நூலைக் கொண்டுவந்து ஓரத்தைப் பின்னும் கொக்கி. வரிசை இதுதான்: மேல் லூப்பர், கீழ் லூப்பர், ஊசி கடைசியாக. கீழ் லூப்பர் நூல் நடுவில் அறுந்தால் ஊசி நூலை உருவிவிட்டுத்தான் மறுபடி கோக்க வேண்டும். அப்படியே கோத்தால் அடுத்த தையலிலேயே திரும்ப அறும். கிரேப்பில் ஓரம் சுத்தமாக வெட்டியது, ஆகக் கத்தி நன்றாக இருக்கிறது. டி-ஷர்ட் துணியில் ஓரம் அலையலையாய் நெளிந்தது. விற்பவர் முகம் சுருங்கியது. அவள் பக்கத்தில் இருந்த டிஃபரன்ஷியல் திருகியை 1-லிருந்து 1.5 பக்கம் திருப்பினாள்; முன்பல் துணியைக் கூடுதலாகத் தள்ள, நெளிவு படிந்தது. அவருக்கே அந்தத் திருகி எதற்கு என்று தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் விலையை ஏற்றியிருப்பார். 700 கேட்டார், 600 வெள்ளிக்கு முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அதன் ஊசி எந்த வகை என்று கதவின் உள்பக்கம் பார்த்துக் குறித்து வைத்தோம். எல்லா ஓவர்லாக்கும் சாதாரண வீட்டு ஊசியை ஏற்காது. ஓடும்போது மேசை அதிர்வதால் அடியில் ரப்பர் பாய் போட்டாயிற்று.

சின்னச் சாமான்களில் ஒன்றுக்கு மட்டும் கஞ்சத்தனம் கூடாது, அது கத்தரி. 9 அல்லது 10 அங்குலத்தில் துணிக்கத்தரி, கைப்பிடி வளைந்ததாக; மேசையில் கத்தரியின் கீழ்த்தகடு படிந்தபடியே வெட்டினால்தான் அடித்துணி நகராது. கடையில் கத்தரியின் நுனியால் மட்டும் ஷிஃபானை வெட்டிப் பாருங்கள். நடுப்பகுதி எந்தக் கத்தரியிலும் வெட்டும், நுனி மென்றால் வேண்டாம். அந்தக் கத்தரியால் யாராவது காகிதமோ மைலோ பாக்கெட்டோ வெட்டினால் அந்த வீட்டில் சண்டை வர வேண்டும். எங்கள் வீட்டில் வந்தது.

அளவு டேப்பை இரும்பு ஸ்கேலோடு வைத்துப் பார்த்து வாங்க வேண்டும். மலிவு பிளாஸ்டிக் டேப் நீண்டுபோய், மார்பு அளவில் அரை அங்குலம் ஏமாற்றும். பிளவுஸுக்கு அரை அங்குலம் என்றால் ஹூக் போடுமா போடாதா என்கிற கேள்வி.

ஊசியில் ஷிஃபானுக்கு 65 அல்லது 70, பிளவுஸ் பருத்திக்கு 75, சீருடைக்கு 90, ஜீன்ஸுக்கு 100. இந்த எண் ஊசியின் தடிமன். 75 என்றால் 0.75 மில்லிமீட்டர். டி-ஷர்ட்டுக்கு உருண்டை முனை ஊசி வேண்டும், கூர் முனை இழையை அறுத்து ஓட்டையாக்கும். ஒரு ஊசியை அது உடைகிற வரை பயன்படுத்துவது நம் ஊர்ப் பழக்கம். பாலியஸ்டரில் டக் டக் என்று சத்தம் வரத் தொடங்கினால் மாற்றிவிடுங்கள், ஊசி சில காசுதான்.

நூலுக்குப் பொதுவாக 40/2 பாலியஸ்டர் போதும். அம்மாவின் ஹப் செங் பிஸ்கட் டின்னில் மரக்கட்டையில் சுற்றிய பருத்தி நூல் நிறைய இருந்தது, நிறங்கள் அழகு. கையால் இழுத்தால் பொட்டென்று அறுந்தது. நம் ஊர் ஈரப்பதத்தில் பழைய பருத்தி நூல் உளுத்துவிடும். அதை மிஷினில் போடவில்லை, தற்காலிக ஓட்டுத் தையலுக்கு வைத்துக்கொண்டாள். ஓவர்லாக்குக்கு வாங்கும் பெரிய கோன் நூலைக் கால் மிஷினின் சின்னக் கம்பியில் குத்தினால் இழுத்து இழுத்து ஓடும். தரையில் கோன் ஸ்டாண்ட் வைத்து, நூல் நேர் மேலே ஏறி வரும்படி ஒரு கொக்கி மாட்டிக் கொடுத்தேன்.

இஸ்திரிப் பெட்டியை யாரும் தையல் கருவியாக எண்ணுவதில்லை. கியாட்மாராவில் அவளுக்கு முதலில் சொல்லிக் கொடுத்ததே அதுதானாம்: ஒவ்வொரு தையலும் விழுந்தவுடன் தேய்த்துப் பிரித்த பிறகுதான் அடுத்த தையல். கடையில் தைத்தது போல இருப்பதற்கும் வீட்டில் தைத்தது போல இருப்பதற்கும் வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. நீராவி வருகிற பெட்டியாக இருந்தால் நல்லது. வெட்டுவதற்குச் சாப்பாட்டு மேசை. 45 அங்குல அகலத் துணியில் பாஜு கூரோங்குக்கு 4 மீட்டர் விரிக்க வேண்டும், மிஷின் மேசையில் அது நடக்காது. பழகுவதற்கு பழைய துணி விற்கும் பண்டல் கடையில் பெட்ஷீட் வாங்கினோம். முதல் பிளவுஸை அதில் தைத்துப் போட்டுப் பார்த்து, அக்குளில் பிடித்ததைத் திருத்தி, அந்தத் துண்டுகளையே பிரித்து அளவுத்தாளாக வைத்துக்கொண்டாள்.

பட்டன் ஓட்டைக்கு மட்டும் இன்னும் வழி இல்லை. கால் மிஷினுக்கு மாட்டுகிற பட்டன் ஓட்டைக் கருவி பழையதாகக் கிடைக்கும் என்கிறார்கள், கையில் வந்தால் பார்க்கலாம். அதுவரை சின்னவளின் பள்ளிச் சட்டையை டவுனில் கொடுத்து ஓட்டை மட்டும் போட்டு வாங்குகிறோம். தலையின் பின்னால் மோட்டார் மாட்ட இடம் இருக்கிறது, மாட்டித் தரவா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டாள், கால் பழகிவிட்டது, கரண்டு போனாலும் தைக்கலாம் என்கிறாள்.

ஆனால் ஜூக்கியை மறக்கவில்லை. தீபாவளிக்கு ரெண்டு மாதம் இருக்கும்போதே ஊரில் உள்ள டெய்லர்கள் பிளவுஸ் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். பக்கத்து வரிசையில் இருக்கிற அத்தைமார் இப்போதே இவளிடம் துணியோடு வந்து நிற்கிறார்கள். "ஆர்டர் வந்தா பேசலாம்னு சொன்னீங்கல்ல மாமா?" சொன்னேன்தான். செர்வோ மோட்டார் உள்ளதாக ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஹாலில் 120 சென்டிமீட்டர் இடம் வேண்டும், அதற்கு சோபா வெளியே போக வேண்டும். அக்காவிடம் அதை யார் சொல்வது என்பதுதான் இப்போது வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிற பேச்சு.